கோபுரத்தை வலம் வரும் இரைச்சல்

உங்கள் மொட்டைமாடியில் ஒருவர் பொழுதெல்லாம் துணி துவைத்தால் எத்தனை நாள் பொறுப்பீர்கள்? ஹெலிகாப்டர் சத்தம் அப்படித்தான் தலைமேல் அறைகிறது. அதைக் குறைப்பது என் தொழில். என்னோடு சேர்ந்து காதைப் பொத்திக்கொள்பவர்களே, அது ஏன் குறையவில்லை என்று கேளுங்கள்.

ஓர் இருக்கை

இறக்கைகள் மெதுவாகச் சுழன்றால் சத்தம் தணியும். ஆனால் ஹெலிகாப்டர் தூக்கக்கூடிய எடையும் குறையும். ஸ்ரீரங்கத்தை வானிலிருந்து காட்டும் சுற்றுலாவுக்கு ஹெலிகாப்டர் விடும் திருச்சி முதலாளியிடம் இதை விளக்கி, ஒரு பயணியைக் குறைக்கச் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டினார்.

"சத்தத்தைக் குறைங்க சார், வேணாங்கல. சீட்டுல மட்டும் கை வைக்காதீங்க."

மாடியில் மைக்

சத்தத்தை அளக்க, கோயிலைச் சுற்றியுள்ள உத்தர வீதியில் வைதேகி என்பவரின் வீட்டு மாடியில் மைக் வைத்தேன். அவருக்குக் குறைமாதத்தில் பிறந்த கைக்குழந்தை. பாலும் தூக்கமும்தான் மருந்து என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வரும்போதெல்லாம் குழந்தை பாலை விட்டுவிட்டு வீறிட்டது. நானோ அளவைக் குறித்துக்கொண்டிருந்தேன். வைதேகி குழந்தையோடு மாடியேறி வந்தார்.

"உங்க மைக்குக்கு ஸ்விட்ச் இருக்கு. என் குழந்தை காதுக்கு அது எங்க இருக்குன்னு சொல்லுங்கோ, அணைச்சுடறேன்."

வானத்தில் பிரதட்சிணம்

கொள்ளிடத்து மணலுக்கு மேலேயே போய்வர வழி இருக்கிறது. ஆனால் பயணிகளுக்காகக் கோபுரங்களைத் தாழ்வாக ஒரு பிரதட்சிணம் செய்கிறார்கள். இறங்கிக்கொண்டே வளையும்போது, ஓர் இறக்கை கலக்கிவிட்ட காற்றில் அடுத்த இறக்கை மோதுகிறது; அந்த அறைதல்தான் வீதியில் விழுகிறது. சோதனைக்காக ஆற்று வழியே பறக்கச் செய்தேன். அன்று குழந்தை வயிறு நிறையக் குடித்து உறங்கியது. மறுநாளே பழைய பாதை! சுற்றிவிட்டு ஹெலிகாப்டர் தளத்தில் இறங்கிய முசிறி வாழைமண்டிக்காரர் ஒருவரிடம் குழந்தையைப் பற்றிச் சொன்னேன்.

"கீழ இருக்கறவங்க கொடுத்து வெச்சவங்க சார், தினமும் பெருமாள் பக்கத்துலயே இருக்காங்க. நாங்க ஒரு தடவை சுத்தினா தேய்ஞ்சா போயிடுவாங்க?"

சுவாமிக்கு விசிறி வீச வந்த ஒருவன், வீசிய வேகத்தில் விளக்கை அணைத்துவிட்டு, "காற்று போதுமா, சுவாமி?" என்று கேட்டானாம். இது பக்தியா? ஒரு சிசுவின் உறக்கத்தை மிதித்துக்கொண்டு எந்தப் புண்ணியத்தைத் தேடுகிறீர்கள்?

இறக்கையைத் திருத்தத் தெரிந்த எனக்கு, கண்ணாடிக்குள் கைகூப்பி அமர்ந்திருப்பவரைத் திருத்தத் தெரியவில்லை.

ஆகவே டிக்கெட் எடுத்திருப்போரே, இன்றே அந்த முதலாளிக்குப் போன் செய்யுங்கள். "பிரதட்சிணம் வேண்டாம், ஆற்று வழியே போங்கள்" என்று சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். நாளைக் காலை, முதல் ஹெலிகாப்டர் கிளம்பும் நேரத்தில்தான் அந்தக் குழந்தைக்குப் பசிக்கும்.