கப்பலேற ஒரு சொல்

டீசலும் கடற்சேறும் கலந்த வாடை மாடிப்படியில் ஏறிவந்தால், பின்னாலேயே அப்பா வருகிறார் என்று அர்த்தம். வளைகுடாவில், ஃபர்வானியா என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த காலம் அது. கடலடி மண்ணை உறிஞ்சும் கப்பல்களை வைத்திருந்த ஒரு டச்சு நிறுவனத்தில் அவர் "ஸ்டோர் கிளார்க்". எதிர் ஃபிளாட்டில் யாழ்ப்பாணத்துக் கௌரி. அவள் அப்பாவுக்கும் அங்கேதான் வேலை, எங்களுக்கு ஒரே வகுப்பு.

ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வந்த டச்சு எஞ்சினியர், அந்தக் கப்பல் வகைக்குத் தம் மொழியில் உள்ள பெயரை எனக்கும் கௌரிக்கும் சொன்னார்: "ஸ்லேப்ஹொப்பர்ஸைகர்". மூன்று சொற்களை ஒட்டிய ஒற்றைச் சொல்லாம். வருகிற வெள்ளிக்கிழமை அதைச் சரியாகச் சொல்லும் பிள்ளையைக் கப்பலில் ஏற்றிக் காட்டுவாராம், ஒருவருக்குத்தான் இடமாம்.

எதையும் முறைப்படி செய்யும் புத்தி எனக்கு அப்போதே உண்டு. பின்னாளில் விசாப் பிரிவு வேலையில் எனக்குச் சோறு போட்டதும் அதுதான். செய்யுளை அசை பிரிப்பதுபோல அந்தச் சொல்லைத் துண்டாக்கி, துண்டுக்கு ஒரு விரல் மடக்கி, எல்லாவற்றையும் சமமாக அழுத்தி வாரம் முழுவதும் ஓதினேன். "சாப்பிடும்போதாவது வாய்க்கு லீவு குடுடா" என்றாள் அம்மா. படிக்கட்டில் கௌரி சிரித்தாள்: "என்ன, சில்லறை எண்ணுறியோ? அந்தாள் கத்துற மாதிரிக் கத்து, அவ்வளவு காணும்."

வெள்ளிக்கிழமை நான் விரல் மடக்கிச் சொல்லி முடித்ததும், "நன்றாகப் பிரித்துவிட்டாய், சேர்க்கத்தான் இல்லை" என்றார் எஞ்சினியர். கௌரி முதல் துண்டை ஓங்கி அடித்து, மீதியை அதன் பின்னால் ஓடவிட்டாள். "யல்லா, போகலாம்!" என்று அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். கார் திரும்பிய மூலையையே பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சங்கொன்றைக் கைக்குள் மூடிக்கொண்டு வந்தாள். "இந்தா, உனக்கும் ஒண்டு கொண்டந்தனான்." வேண்டாம் என்று கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான், அது எவ்வளவு பெரியது என்று பார்க்காமல் போனோமே என்று வயிறு எரிந்தது.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. நான் வளைகுடாவிலேயே, அல் குசைஸில் மகன் வீட்டில், கௌரி கனடாவில். போன மாதம் தொலைபேசியில் அவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன், முதல் துண்டை ஓங்கி, மற்றதை ஓடவிட்டு.

"அதென்ன சாமான்?" என்றாள். விளக்கினேன். "ஓ, அந்தக் கப்பலோ! அது ஆடின ஆட்டத்தில நாள் முழுக்கச் சத்தி எடுத்தனான். பேர் ஆருக்கு ஞாபகம்?"

கப்பலும் அவளுக்கே, மறதியும் அவளுக்கே. எனக்கு அந்தச் சொல் மட்டும், அழுத்தம் பிசகாமல்.