ஏழாம் மாதத்து இனிஷியல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது கட்டளையில் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் போட வேண்டிய சாய்கோட்டை மறந்து, ஃபோல்டருக்குள் ஃபோல்டராகக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டால், அன்றைக்கு அவர்கள் என் வாயிலிருந்து தப்பிக்க முடியாது. தேனியில் எங்களுடையது சின்ன ஆபீஸ். கடைகள், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள் என்று வட்டாரத்தில் பலருடைய சர்வர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல்களை மாற்றுவது என் பங்கு. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. முதலில் எங்கிருந்து, அப்புறம் எங்கே. அவ்வளவுதான் விஷயம். என் கையில் ஒரு ஃபைல்கூடத் தொலைந்ததில்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

போன காற்றுக் காலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரின் பழைய சர்வரைக் காலி செய்கிற வேலை வந்தது. படங்களை எல்லாம் வாடகைக்கு எடுத்த புது சர்வருக்கு அனுப்பிவிட்டு, பழைய பெட்டியைத் துடைத்துக் கொடுத்துவிட வேண்டும். ஓனர் அண்ணன் என் மேஜைக்கு வந்து, தயங்கித் தயங்கி, இதற்கு வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டார். அவருக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் வயிற்றுப் பிள்ளையோடு போய்ப் படுத்தது அந்த சென்டரில்தான். வேண்டாம், நானே போகிறேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, அவர் தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.

அந்தப் பெட்டிக்குள் என் மகளின் முகம் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை. அதனால்தான் போனேன்.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் காலையில் பிள்ளை அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால், துடிப்பு இல்லை என்றார்கள். மறுநாள்தான் பிறந்தாள். பொம்பளைப் பிள்ளை என்று நர்ஸ் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. காட்டச் சொன்னேன். வேண்டாம், மனசு தாங்காது, அப்புறம் கண்ணை விட்டுப் போகாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மயக்கத்தில் இருந்த எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நான் சண்டை போடாமல் விட்டுக்கொடுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அம்மா துணிச்சுருளை வாங்கி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள், அவர் கொண்டுபோனார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஏழாம் மாத ஸ்கேனில் ஒரு படம் கொடுத்திருந்தார்கள். மூக்கும் வாயும் நெற்றியும் அச்சாகத் தெரியும் படம். பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு மாதத்தில் நேரிலேயே பார்க்கப்போகிறோம், அதற்குள் என்ன அவசரம் என்று நிதானமாகப் பார்க்கவில்லை. அம்மா வீட்டில் இருந்த என்னைப் பார்க்க வந்த இவர்தான், கைப்பையில் கிடந்து கசங்கிப்போகும் என்று, ஆசையாகத் தேனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுவிட்டார். பஸ்ஸில் மெஷினிலிருந்து கிழித்துத் தருகிற டிக்கெட் இருக்கிறதே, அந்த மாதிரித் தாள் அது. சூடு பட்டால் கறுத்துவிடும். லேமினேஷன் மெஷினுக்குள் படமாகப் போனது வெளியே வரும்போது கன்னங்கரேல் என்று வந்தது. அந்தக் கறுப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் நின்ற நிற்பைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த மாதம் போகும்போது இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அடுத்த மாதம் அங்கே போகும்படி ஆகவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

ஸ்கேன் சென்டரில் டாக்டரம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். கடைசி இரண்டு வருஷத்துப் படங்கள் மட்டும் புது சர்வருக்குப் போனால் போதும், அதற்கு முந்தினது எல்லாம் அழியட்டும் என்பது அவர்கள் உத்தரவு. என்னுடையது மூன்று வருஷம் பழையது. அதை மட்டும் நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எடுத்துக்கம்மா, ஒன்னோடது மட்டும்" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்காதது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

ஒன்னோடது மட்டும் என்பதில் நான் கறாராக இருந்தேன். அடுத்த பெண்களின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? என் பெயரோ இந்தப் பள்ளத்தாக்கில் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் பக்கம் பக்கமாக வரும். அங்கே ஃபோல்டருக்கு வைத்திருந்த பெயர் ஒரே மாதிரி: ஆளின் பெயர், இனிஷியல், ஊர். நான் என் பெயரைப் போட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய வீட்டுக்காரர் இனிஷியலைப் போட்டு, புகுந்த ஊரான தேவதானப்பட்டியையும் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு ஃபோல்டர் வந்தது. உள்ளே நாலு ஃபோல்டர்கள், வெறும் எண்களாக. தேதியைப் பார்த்தேன். முன்னால் யாரோ அரைகுறையாகக் காப்பி எடுத்ததில் எல்லா ஃபைலுக்கும் ஒரே தேதி விழுந்திருந்தது. நான் விரல் விட்டு எண்ணினேன். இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம். நாலு. சரியாக இருந்தது.

திறந்து பார்த்திருக்கலாம். ரிசப்ஷனில் வயிறும் பிள்ளையுமாகப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். அங்கே உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்த்தால் அந்த இடத்திலேயே உடைந்துவிடுவேன் என்று தெரியும்.

அதனால் என் வேலையை ஒழுங்காகச் செய்தேன். ‘ஆர்சிங்க்’ என்று ஒரு கட்டளை உண்டு. அங்கே இருப்பதையும் இங்கே இருப்பதையும் ஒப்பிட்டு, இல்லாததை மட்டும் கொண்டுவந்து சேர்க்கும். முதலில் உண்மையில் அனுப்பாமல், அனுப்பினால் என்னென்ன போகும் என்று ஒரு ஒத்திகை பார்த்தேன். சாய்கோட்டைச் சரிபார்த்தேன். அப்புறம் அந்த ஃபோல்டரை வீட்டிலிருக்கும் என் கம்ப்யூட்டருக்கு அனுப்ப எண்டரைத் தட்டினேன். வெளியே காற்று போட்டு அடித்தது, நெட் லைன் இரண்டு தடவை அறுந்தது. அந்தக் கட்டளைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் மேலே ஏறிப்போயின. வந்து சேர்ந்ததும் இரண்டு பக்கமும் கணக்கிட்டு ஒப்பிட்டேன். ஒரு புள்ளி பிசகவில்லை. சென்டருடைய இரண்டு வருஷத்துப் படங்களும் அதே மாதிரி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் பழைய பெட்டியைத் துடைத்தேன். சும்மா அழித்தால் தோண்டி எடுத்துவிடலாம் என்பதால், எல்லாவற்றுக்கும் மேலே மூன்று தடவை குப்பையை எழுதுகிற கட்டளையைப் போட்டேன். இதற்குப் பிறகு ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது என்று டாக்டரம்மாவிடம் சொன்னதும் நான்தான்.

இவரிடம் படம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த லேமினேஷன் விஷயத்தில் அவருக்கு இன்றைக்கு வரைக்கும் மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். அம்மாவிடமும் போனில் சொன்னேன். சரி ஆத்தா என்று மட்டும் சொன்னாள். எனக்கு அவள் மேல் ஒரு கோபம் உள்ளேயே கிடந்தது. பெற்றவளைத் தவிர எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்று எத்தனையோ தடவை அவளிடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் பதில் சொன்னதில்லை. இவரிடமும் ஒருமுறை, எப்படி இருந்தாள் என்று கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார். அதோடு கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஃபோல்டரைத் திறந்தோம். பயறு அளவுக்கு ஒரு பொட்டு. இரண்டாவதில் தலையும் உடம்பும் தெரிந்தன. மூன்றாவதில் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தாள். நாலாவதைத் திறந்தேன். அதில் பிள்ளை திரும்பியிருந்தாள், ஆனால் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். படம் படமாகத் தள்ளிக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும் அந்தக் கைதான் இருந்தது.

"இது ஜூஸ் குடிச்சிட்டு மறுபடி போனோமே, அன்னைக்கு எடுத்ததுல்ல?" என்றார் இவர்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஐந்தாம் மாதம் அவள் குப்புறக் கிடந்து முகம் காட்டவில்லை. ஏதாவது இனிப்பாகக் குடித்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். சாத்துக்குடி ஜூஸ் குடித்துவிட்டு, இப்போதே இவ்வளவு அழும்பா என்று சிரித்துக்கொண்டே தெருவில் மூன்று நடை நடந்தோம். அன்றைக்கு ஒரே நாளில் இரண்டு தடவை எடுத்தார்கள். இரண்டும் தனித்தனியாக ஏறியிருக்கின்றன. ஆக மொத்தம் ஐந்து இருந்திருக்க வேண்டும். அவளுடைய அந்த அழும்புதான் என் எண்ணிக்கையை நாலு என்று சரியாக்கிக் காட்டிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் கதவு திறக்கும் முன்பே ஸ்கேன் சென்டர் வாசலில் நின்றேன். ரிசப்ஷன் பெண் பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தாள். ஏழாம் மாதத்துப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. பக்கத்தில் என் அப்பாவின் இனிஷியல். ஊர் பண்ணைப்புரம். வளைகாப்பு முடிந்து நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த மாதம் அது. ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவள் அம்மா. கால் வீங்கி நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கவுண்டரில் நின்று பெயர் கொடுத்ததும் அம்மாதான். புது ஆள் என்று புது ஃபோல்டர் போட்டிருக்கிறார்கள். நான் தேடியபோது என் மகளின் முகம் அதே பெட்டியில், இன்னொரு இனிஷியலில் இருந்திருக்கிறது. பெயரையும் இரண்டு ஊரையும் கொடுத்துத் தேடியிருந்தால் போதும். எல்லோருக்கும் புத்தி சொல்கிறவளுக்கு அது தோன்றவில்லை.

அங்கிருந்தே பஸ் ஏறினேன். போடி, தேவாரம் என்று பஸ் ஊர் ஊராக நின்று நின்று போனது. வழி நெடுக அம்மாவைத் திட்டிக்கொண்டே போனேன், மனசுக்குள் இல்லை, வாய் முணுமுணுக்கத்தான். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் நின்று, யாரைக் கேட்டு அப்பா இனிஷியலைப் போட்டாய் என்று கத்தினேன். என்ன நடந்தது என்பதையும் கத்திக்கொண்டேதான் சொன்னேன். அவள் அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிசியல் என்னன்னு கேட்டாக. வாயில வந்தத சொன்னேன். ஒனக்கு இருபத்தாறு வருசமா அதான ஆத்தா இனிசியல்."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. உனக்கு என்ன, நீதான் பிள்ளையைப் பார்த்துவிட்டாயே என்றேன்.

"நான் எங்கன பாத்தேன்?" என்றாள் அம்மா. "துணியோட குடுத்தாக, துணியோட வாங்கி மாப்பிள்ளை கையில குடுத்தேன். பெத்தவளே பாக்கல, நாம எப்படிப் பாக்கன்னு அவுகளும் மூடுன துணிய வெலக்கல. ஸ்கேன் எடுத்த அன்னைக்கும் என்னைய வெளியதான் இருக்கச் சொன்னாக. பஸ்ஸுல நீ காட்டுன படமும் கண்ணாடி இல்லாம எனக்குப் பிடிபடல."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷமாக நான் பொறாமைப்பட்டது, நடக்காத ஒன்றுக்காக. பிறந்த அந்தப் பிள்ளையை எங்களில் யாருமே பார்க்கவில்லை. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ படத்த எடுத்துட்டேன்னு போன்ல சொன்னயில்ல. கொண்டு வந்தா நானும் ஒருவாட்டி பாத்துக்கிருவோம்னு இருந்தேன்" என்றாள். என் பக்கம் திரும்பி, "வேற எங்கிட்டும் இருக்காதா ஆத்தா? கம்ப்யூட்டர்ல அழிச்சாலும் எடுத்துரலாம்னு சொல்லுவாகளே" என்று கேட்டாள்.

எடுக்க முடியாதபடி அழித்தாயிற்று அம்மா என்றேன்.

அம்மாவுக்கு லேசில் கோபம் வராது. அன்றைக்கு வந்தது. "எந்தப் பாவி அப்படி அழிச்சது?" என்றாள்.

"நாந்தாம்மா" என்றேன்.