சீக்கிரம் உருகும் கம்பி

என் மனைவிக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்தது என் அக்கா. அந்தப் பெயர் வீட்டில் அப்படியே நிலைத்துவிட்டது. அவளும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. இருவரும் சேர்ந்து பின்னறையில் வெள்ளித் தோடும் மோதிரமும் கையால் செய்து விற்கிறார்கள். உலோகம் வாங்குவது, வெட்டுவது, வளைப்பது, அரத்தால் ராவுவது எல்லாம் இவள் பொறுப்பு. நெருப்பு அக்காவின் பொறுப்பு. வெள்ளியைச் சூடாக்கும் கேஸ் விளக்கை அக்கா பற்றவைக்கும்போது இவள் கதவுக்கு வெளியே போய் நின்றுகொள்வாள். திரைச்சீலையில் தீ பிடித்துவிடும் என்று திரைச்சீலையைக் கழற்றினாள். காற்றில் சுடர் திரும்பி அக்காவின் முகத்தில் அடித்துவிடும் என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தினாள். மின்விசிறிக்கும் தடை.

உலோகம் வாங்கும் கடையிலும் அவள் அப்படித்தான். நீட்டுகிற வெள்ளிக் கம்பியை அப்படியே வாங்கிவிட மாட்டாள். பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்ப்பாள். நுனியை மடக்கி, நிமிர்த்தி, விறைப்பாக இருந்தால் வேண்டாம் என்பாள். அரத்தால் ஒரு மூலையைத் தேய்த்து, உள்ளே செம்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடிப்பாள். முலாம் கம்பியை யாராவது காதில் போட்டு, காது சீழ் பிடித்துவிட்டால்? வாயில் பல் இருக்கும் குறடு கம்பியில் தடம் பதிக்கும் என்று, வழவழப்பான வாய் உள்ளதைத் தேடிக் கடையிலுள்ள குறடுகளையெல்லாம் திறந்து மூடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் என்னைக்கூட அவள் இவ்வளவு சோதிக்கவில்லை. நான் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். கடை விடுமுறை நாளில் அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டி. அவள் பொறுக்கி முடிக்கும்வரை வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அன்றும் அப்படித்தான் நின்றேன். கிளம்பும்போது அக்கா ஒரு துண்டுக் கம்பியைக் கொடுத்திருந்தாள். இரண்டு வெள்ளித் துண்டுகளை ஒட்டவைக்க நடுவே உருக்கி விடும் கம்பி அது. பழைய கம்பி உருகுவதற்குள் தோட்டின் மெல்லிய கொக்கியே உருகிப்போகிறது என்று அக்கா புலம்பியதால், குறைந்த சூட்டிலேயே உருகி ஓடுகிற கம்பியாகக் கேட்டு என் மனைவிதான் அதற்கு முந்தின வாரம் இதை வாங்கி வந்தாள். அக்கா முந்தின நாள்தான் அதை எடுத்து வேலையைத் தொடங்கினாள். தண்ணீர் மாதிரி ஓடுகிறது, இதிலேயே இன்னும் கொஞ்சம் வாங்கி வா என்றாள். அவளுக்குக் கொஞ்சம் சளி. முந்தின இரவு காய்ச்சல் அடித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படித்தான், சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

முந்தின வாரம் கடையில் வேறு ஆள் இருந்திருக்கிறார். அன்று இருந்தவர் முதலாளி. அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எங்க வச்சு பத்த வைக்கிறீங்க?"

"வீட்லதான். பின்னறைல."

"ஜன்னல் திறந்திருக்குமா?"

என் மனைவி இல்லை என்று தலையாட்டினாள். அதில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்திருக்கிறது, சீக்கிரம் உருகுவதே அதனால்தான் என்றார் அவர். குளிர்சாதனம் பழுது பார்க்கிறவர்கள் வாங்குவார்கள், வெட்டவெளியில் வைத்துச் செய்வார்கள். மூடிய அறையில் அந்தப் புகையை இழுத்தால் முதலில் சளிக் காய்ச்சல் மாதிரிதான் இருக்குமாம். பிறகு மூச்சை அடைக்குமாம்.

காந்தம் அவள் கையிலிருந்து விழுந்தது. அவள் எல்லாவற்றையும் சோதித்தாள். இதில் மட்டும் எவ்வளவு சீக்கிரம் உருகும் என்று கேட்டதோடு விட்டுவிட்டாள். பையைக்கூட எடுக்காமல், அந்தத் துண்டை மட்டும் உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு ஓடிவந்து வண்டியில் ஏறினாள்.

வழி முழுக்க அவள் அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். மணி அடித்து அடித்து நின்றது. விளக்கு எரியும்போது அந்த இரைச்சலில் அக்காவுக்குப் போன் கேட்காது, அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வண்டியை முறுக்கினேன். சிக்னலில் நின்றபோது முன்னால் நின்ற காரின் டிக்கியை ஓங்கிக் குத்தினேன். அதிலிருந்தவர் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். பின்னால் இவள், "ஜன்னலைச் சாத்தினது நான், நான்தான்" என்று முனகிக்கொண்டே இருந்தாள்.

பின்னறைக் கதவைத் தள்ளினேன். அக்கா மேஜையில் கவிழ்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. விளக்கு செங்கல்மேல் கிடந்து, நீலச் சுடரோடு சுவரைப் பார்த்துச் சீறிக்கொண்டிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் நிலைப்படியிலேயே நின்றேன்.

என் மனைவி என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அதுவரை அவள் கை படாத சிலிண்டர் வால்வைத் திருகி மூடினாள். ஜன்னல் கொக்கி இறுகிப்போயிருந்தது; சுத்தியலை எடுத்துக் கண்ணாடியை உடைத்தாள். பிறகு அக்காவின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். அப்போதுதான் எனக்கு உணர்வு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன ஆயிற்று என்று கேட்கும் முன்பே அந்தத் துண்டை நீட்டி, அதில் கலந்திருப்பது என்ன என்று சொன்னாள். இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் கம்பியின் தடம் பதிந்திருந்தது. பிழைப்பாளா என்று நான் கேட்டேன். இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அந்தப் பதிலை நாள்கணக்கில் கேட்டோம். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அக்காவின் மார்பு ஏறி இறங்குவதையே என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை அது இறங்கும்போதும், அடுத்து ஏறும்வரை இவள் மூச்சை நிறுத்தினாள்.

அக்கா பிழைத்துவிட்டாள். ஆனால் பாதி நுரையீரல்தான் வேலை செய்கிறது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறாள். இனி புகைப் பக்கமே போகக்கூடாது. பின்னறை பூட்டியே கிடந்தது.

போன வாரம் ஒருநாள் காலையில் என் மனைவி அதைத் திறந்தாள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்து வைத்தாள். பழைய கம்பியை எடுத்து வைத்தாள், சீக்கிரம் உருகாததை. அக்கா வெளியே மரத்தடியில் காற்று வருகிற பக்கமாக நாற்காலி போட்டு, எட்ட உட்கார்ந்திருந்தாள். இவள் லைட்டரை அழுத்தினாள்; பொறி வரவில்லை. மறுபடி அழுத்தினாள். நான் வாங்கிப் பற்றவைக்கப் போனேன். விடவில்லை.

"அண்ணி, பயமா இருக்கு" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அக்கா பதில் சொல்லக் கொஞ்சம் மூச்சு சேர்க்க வேண்டியிருந்தது.

"பயந்துக்கிட்டே பண்ணுடி" என்றாள்.

சுடர் பிடித்துக்கொண்டது. நான் வெளியே வந்து, அக்காவின் நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டேன்.