பாறையில் இறங்காத முளை

போன வாரம் திட்டக்குடி பக்கம் என் மாமா தவறிவிட்டார். சிதம்பரத்திலிருந்து பைக்கில் கிளம்பினேன்.

முகூர்த்த நாள், எங்கேயும் சாமியானா கிடைக்கவில்லை என்று மாமா மகன் பிரபு போனில் சொல்லியிருந்தான். வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. மும்பையிலிருந்து மாமா மகள் கவிதா வந்து முகம் பார்க்கும்வரை, வாசலில் வைத்த ஃப்ரீஸர் பெட்டி நனையக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

எனக்கா கஷ்டம்? நான் கேம்பிங் பைத்தியமாச்சே! பெரிய தார்ப்பாய், கம்பங்கள், கயிறு, பளபளவென்று அலுமினிய முளைகள் – எல்லாம் தயார். எங்கள் ஊர் களிமண்ணில் அந்த முளையைக் காலால் மிதித்தாலே இறங்கிவிடும்.

மாமா வீட்டு வாசலில்? விரலளவு மண், அதற்குக் கீழே பாறை. முதல் முளை கொண்டை ஊசி மாதிரி வளைந்தது. அடுத்ததும்.

"இன்னா மாப்ள, காது குடையறத எடுத்தாந்திருக்க?" என்றான் பிரபு. அழுது வீங்கிய கண்ணோடு கிண்டல்.

நாம் வாங்குவதெல்லாம் நம்ம ஊர் மண்ணுக்குத்தான். சாவு எந்த மண்ணில் விழும் என்று யார் யோசிக்கிறோம்?

கொல்லையில், மாமா மாடி எடுக்க வாங்கிய கம்பியின் வெட்டுத் துண்டுகள் கிடந்தன. நல்ல தடிமன். "எடுத்துக்கவா?" – கேட்கவே நாக்கு கூசியது. பிரபு சம்மட்டியை நீட்டினான்.

பாறை இடுக்காகப் பார்த்து, தலை வெளிப்பக்கம் சாய அடித்தேன். இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஒப்பாரி ஒரு நொடி நின்று, திரும்ப எழுந்தது.

மழை வந்தது, காற்றும். தார்ப்பாய் படபடத்தது; கம்பி அசையவில்லை. கவிதா வந்தாள். நனையாத கண்ணாடி வழியே அப்பாவைப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்த மறுநாள், யாராவது தடுக்கி விழுவார்களே என்று கம்பிகளைப் பிடுங்க உட்கார்ந்தேன். நேராக இழுத்தால் வராது. பக்கவாட்டில் தட்டி, ஆட்டி, இறங்கிய சாய்விலேயே இழுக்க வேண்டும். ஒவ்வொன்றாக வந்தது. கடைசி ஒன்று... ம்ஹூம்.

அத்தை வெளியே வந்தார். "வுடுப்பா. காரியத்துக்கு மறுபடி பந்தல் போடணும்ல? புடுங்குனதையும் அடிச்சிட்டுப் போ."

பழைய ஓட்டையில் பிடிக்காது. பக்கத்திலேயே புதுசாக அடித்தேன்.

இந்த முறை, நின்று எழுவதற்கு உள்ளே ஒப்பாரி இல்லை.