ஓரிடத்துக்கு இரண்டு பேர்

போன கிழமை மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு ஐயா, நோவுக்குப் பூசும் தைலப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். எனக்கு அது கொழும்பில் நானும் வனிதாவும் இருந்த அறையின் மணம். அங்கே தலையணை உறை, சீப்பு, சோற்றுப் பார்சல் எல்லாமே அப்படித்தான் மணக்கும்.

நான் கூடைப்பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவள். திருகோணமலையில் அதைச் சொன்னால் இன்றைக்கும், "நெட்போலா பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். முன்பெல்லாம் அது வலைப்பந்து, இது வேறு என்று திருத்துவேன். இப்போது ஓம் என்று விட்டுவிடுகிறேன். உயரம்தான் என்னை இதற்குள் இழுத்தது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்த அப்பா, "இவளுக்குக் கட்டில் தனியாச் செய்ய வேணும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். பள்ளிக்கூட மைதானத்தில் துறைமுகக் காற்று பந்தை இடப்பக்கம் தள்ளும். அதனால் ஒரு சாண் வலப்பக்கமாக எறியப் பழகியிருந்தேன். கொழும்பில் கூரை போட்ட மைதானத்தில் என் முதல் ஐந்து எறிகளும் வளையத்தின் வலப்பக்கத்தில் பட்டுத் திரும்பின. "இங்க காத்து இல்லையடி" என்று சிரித்தவள்தான் வனிதா. கந்தளாய்க்காரி. என் தோளுக்குத்தான் வருவாள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினால் அவளைப் பிடிக்க ஏலாது.

எங்களைத் தன் அணிக்கு விளையாட எடுத்தது ஒரு கம்பனி. கடதாசியில் நாங்கள் இலிகிதர்கள். ஒரு கடிதமாவது எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நான்கு வருடம் கழித்து மாலைதீவுக் கழகம் ஒன்று இருவரையும் கூப்பிட்டது. வேலையை விட்டுவிட்டுப் போனோம். முதல் பருவம் நன்றாகவே போனது. இரண்டாவது தொடங்க முன்னர், ஓர் அணிக்கு ஒரு வெளிநாட்டுக்காரிதான் என்று விதி மாறிவிட்டது. இருவரும் கதைத்து நாளைக்கு முடிவைச் சொல்லுங்கள் என்றார் முகாமையாளர்.

அப்போது என் இடது முழங்கால் இரண்டு மாதமாக வீங்கி வீங்கி வற்றிக்கொண்டிருந்தது. நீளக் காற்சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தேன். வனிதா நேராகவே கேட்டாள்.

"நொண்டுற மாதிரிக் கிடக்கு. உனக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"சும்மா பிடிப்பு."

"அப்ப நீ நில். அவங்களுக்கு உயரம்தான் தேவை. நான் போறன்."

அவ்வளவுதான் நடந்த கதை. விமான நிலையத்துக்குப் போகும் படகில் அவள் ஏறியபோது பையைத் தூக்கிக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

ஏழாவது ஆட்டத்தில் பந்துக்கு எழும்பி இறங்கும்போது, முழங்காலுக்குள் கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம். அத்தோடு என் விளையாட்டு முடிந்தது. வனிதாவுடையது அதற்கு முன்னரே முடிந்திருந்தது. கம்பனியில் அவளுடைய இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பவே நோ இருந்தது, வனிதா. உனக்குப் பொய் சொன்னனான்."

அவள் கேட்டாள்:

"எந்தக் கால்?"

"இடது."

"ஐஸ் வைக்கிறியா?"

ஏசியிருந்தால் சொல்லப் பதில் வைத்திருந்தேன்.

அந்தக் கம்பனியில் இப்போது பெண்கள் அணி கிடையாது. மாலைதீவுக் கழகமும் பெண்கள் அணியைக் கலைத்துவிட்டதாம். போன வருடம் கந்தளாயில் வனிதா வீட்டுக்குப் போனேன். சுவரில் அவள் விளையாடிய படம் ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, "பதக்கம், படம் எல்லாம் வெள்ளத்தில போச்சு" என்றுவிட்டுக் குசினிக்குள் போனாள். அவளுடைய மகளுக்குப் பத்து வயதிருக்கும். பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்:

"அன்ரி, அம்மா உண்மையா வெளிநாட்டில விளையாடினவவோ?"

"ஓம் பிள்ளை. அங்க நிண்டிருக்க வேண்டியது உன்ரை அம்மா. நான் நிண்டிட்டன்."

பிள்ளைக்கு விளங்கவில்லை. குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கத் தொடங்கியது.