சம்பந்தி ஊர்க் குழாய்

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் போய் நிலத்தையும் நகையையும் விசாரிக்கட்டும். திருச்சுழிக் காட்டில் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். குடிதண்ணீர் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், யார் தூக்குவது. அந்த வேலையாகத்தான் நானும் என் வீட்டுக்காரரும் அருப்புக்கோட்டையிலிருந்து இத்தாலிக்குப் போனோம்.

மகள் அங்கே வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்துப்போய்விட்டது. அவனுக்குச் சொந்த ஊர் தெற்கே, கடலோரத்தில் ஒரு சின்னப் பழைய ஊர். "அப்பா சரின்னு சொன்னாத்தான் கல்யாணம். இல்லைன்னா எனக்கு இது வேண்டாம்மா" என்று போனில் அழுதாள். இவரோ, "வீட்டப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றதோடு சரி. விமானத்திலும் அதையேதான் சொன்னார்.

ஊர் அழகுதான், சும்மா சொல்லக்கூடாது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கோட்டை, சுண்ணாம்பு அடித்த வீடுகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். பையன் ஒவ்வொரு சுவராகக் காட்டி, எந்த ராஜா கட்டினான், எவன் வந்து இடித்தான் என்று சொல்ல, மகள் அதைத் தமிழில் சொன்னாள். இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, கடலைக் காட்டிக் கேட்டார்.

"இம்புட்டுத் தண்ணி கெடக்கு. குடிக்கிறதுக்கு எது?"

பையன் சந்தோஷமாகத் தன் வீட்டுக்கு எதிரே இருந்த சர்ச் முற்றத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே கல்லில் செதுக்கிய சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. திருகு கிடையாது, மூடி கிடையாது. "எப்பவும் இப்படித்தாம்ப்பா ஓடும். நல்ல தண்ணி" என்றாள் மகள்.

இவர் என் காதருகே வந்தார். "நாம வாரோம்னு தொறந்து விட்ருக்காக."

இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வந்துவிடாது. செய்து பழகிய குடும்பத்துக்குத்தான் வரும். என் அப்பா திருச்சுழிப் பக்கம் இவருடைய வீட்டைப் பார்க்கப் போனபோது தொட்டி, டிரம், அண்டா, குடம் எல்லாம் தளும்பிக்கொண்டிருந்ததாம். மனுஷன் மயங்கிப்போய் அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டு வந்தார். முந்தின நாள் டிராக்டரில் தண்ணீர் வந்து இறங்கிய கதை அவருக்கு எப்படித் தெரியும்? டவுனில் பிறந்த என் இடுப்பில் கல்யாணம் முடிந்த வாரமே குடம் ஏறியது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் போய் ஊற்றுத் தோண்டி, அகப்பையில் மொண்டு நிரப்ப வேண்டும். அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்துக் குடிவந்த பிறகுதான் அந்தக் குடம் இறங்கியது. சண்டை வந்தால் இன்றைக்கும் முதலில் அதைத்தான் எடுப்பேன். "அது எங்கம்மா பண்ணுன வேல" என்று நழுவிவிடுவார்.

மத்தியானம் பையன் வீட்டில் சாப்பாடு முடிந்ததும் அந்த ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போகிறது. கடை கிடையாது, நாய்கூடக் கிடையாது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடையோடு கிளம்பினார். "ஆளு இல்லாத நேரந்தான் அடைப்பாக. போய்ப் பாத்துட்டு வாரேன்."

மாடி ஜன்னலிலிருந்து நாங்கள் பார்த்தோம். சிங்கத்துக்கு நேரெதிரே திட்டில் உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தார். அது கொட்டியது. இவர் முறைத்தார். மகள் நகத்தைக் கடித்தாள். "அம்மா, அவங்க அம்மா நம்ம அப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனைக்கப் போறாங்க. எல்லாம் போச்சு."

பையனின் அம்மாவும் எங்களோடு நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாவம், தாகம் என்று நினைத்து ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். இவர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார். அண்ணாந்து ஊற்றிச் சப்புக்கொட்டினார். எங்கே பிடித்தது என்று கையால் கேட்டார். அவள் வீட்டைக் காட்டினாள்.

அவ்வளவுதான், விறுவிறுவென்று மாடியேறி வந்துவிட்டார். அடுப்படிக் குழாயைத் திறந்தார், காத்திருந்தார், இறுக்கி மூடினார். பிறகு குளியலறை, அதன் பிறகு மொட்டைமாடி. அந்த அம்மா பின்னாலேயே போய் மகளிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். அப்பா பிளம்பரா என்று கேட்டிருக்கிறாள். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இவர் அடுப்படிக்குத் திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு மகளிடம் சொன்னார். "எம்மக கொடம் தூக்கிப் பழகல. அவுககிட்டச் சொல்லு."

மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்த அம்மா யோசித்தாள். பிறகு அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"அவங்க வீட்டுல கொடமே இல்லையாம்ப்பா."

"அப்பச் சரி" என்றார் இவர்.

மகளுக்கு அது சம்மதம் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அம்மாவும் காரணம் தெரியாமலே கூட அழுதாள்.

சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் அந்த முற்றத்தைத் தாண்டிக் கடற்கரைக்கு நடந்தோம். தண்ணீர் அப்படியே கொட்டிக்கொண்டிருந்தது. இவர் நின்று கையை நனைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஒங்கப்பாவும் அன்னைக்கு ஒரு மத்தியானம் உக்காந்து பாத்திருக்கணும்."

இத்தனை வருஷமும் சண்டைக்கென்று நான் பத்திரமாக வைத்திருந்த பேச்சு அது. அதையும் அவரே சொல்லிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கோபமும் வந்தது. இனி ஊருக்குப் போய் நான் எதை வைத்துச் சண்டை போடுவேன்?