இன்ஷாபின் தொப்பியும் ரிப்காவின் படங்களும்

என் மகன் இன்ஷாப் கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் சட்டை விற்கிறான். நாற்பது வயது வருமுன்னே முன்தலை முடியெல்லாம் கொட்டிப்போனது. வெங்காயச் சாறு தேய்த்துப் பார்த்தான். முடி வரவில்லை, நாற்றம்தான் வந்தது. ஒருநாள் தொழுகைக்குப் போடும் வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். அதோடு அது தலையை விட்டு இறங்கவே இல்லை.

ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. "இன்ஷாப் திருந்திட்டான்" என்றார்கள். பள்ளிவாசலில் முன்வரிசைக்கு இழுத்தார்கள். பஸ்ஸில் பகிடி பேசிச் சிரித்து வரும் கூட்டாளிமார் இவனைக் கண்டதும் வாயை மூடினார்கள். ஒரு சிகரெட் குடிப்பதற்கும் கடைக்குப் பின்னால், குப்பை வாளியோரம் ஒளிய வேண்டியதாயிற்று. கழற்றலாமா என்றால், வழுக்கைக்குச் சிரிப்பார்கள், மார்க்கத்தை விட்டுவிட்டான் என்றும் பேசுவார்கள்.

போன வாரம் பள்ளிவாசல் தலைவர் பளீல் ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வந்து இன்ஷாபிடம் சொன்னார்.

"மகன், வெள்ளிக்கிழமை பொடியன்மாருக்கு நீங்கதான் பேசோணும். சிகரெட் குடிக்கிற கெடுதியப் பத்தி."

இன்ஷாப் தொப்பியை இழுத்துச் சரிசெய்தான். ஆம் என்றால் பொய், இல்லை என்றால் காரணம் கேட்பார்.

அந்த நேரம் பார்த்து அவன் மகள் ரிப்கா, ஸ்கூலுக்காகத் தான் வரைந்த கதைப் புத்தகத்தை ஹாஜியாரின் மடியில் வைத்தாள். எழுத்து எனக்குத் தெரியாது. படங்கள் நன்றாகவே விளங்கின. முதலில் அவள் வாப்பா இன்ஷாபின் தலையில் காடு. பிறகு ஒரு சீப்பு அந்தக் காட்டைத் தின்கிறது. பிறகு மொட்டைத் தலையில் உட்கார வந்த காகம் வழுக்கி விழுகிறது. ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசிப் படத்தில் தொப்பி போட்ட வாப்பா, குப்பை வாளியோரம், சுற்றிலும் புகை. ஹாஜியார் அதில் விரலை வைத்தார்.

"இது எனத்த புகை, மகள்?"

"ஸ்கூல் லீவுல கடைக்குப் போனேனே, அப்ப கண்டேன். வாப்பாட வாயிலேருந்து வருது."

இன்ஷாப் தொப்பியைக் கழற்றினான்.

"முடி கொட்டினதுக்குத்தான், ஹாஜியார், இதப் போட்டேன். சிகரெட்டும் விடல. வேற ஆளப் பாருங்க."

ஹாஜியார் அந்த வழுக்கையை நிதானமாகப் பார்த்தார்.

"வேற ஆள் எதுக்கு? விட ஏலாம கஷ்டப்படுறவன் பேசினாத்தான் பொடியன்மார் கேப்பானுகள். நீங்களே பேசுங்க."

"ஹாஜியார் சொல்றதுதான் சரி" என்றேன்.

"உம்மா, நீங்களுமா?"

"நானும்தான். வெள்ளிக்கிழமை வெள்ளனத்தோட, எல்லாருக்கும் முந்தி பள்ளிவாசலுக்குப் போ."